எப்படித் தெரியாமல் போனது என்று கேட்காதவர்களுக்கு

எங்கள் தெருவுக்கும், பெயர் தெரியாத இன்னும் பலருக்கும்,

வணக்கம். வலி வரும்வரை கர்ப்பம் என்றே தெரியாமல் நான் பெற்ற பையனுக்கு இன்றோடு 41 நாள். இப்போதுதான் இரண்டு கையும் கொஞ்சம் ஓய்ந்திருக்கிறது. அவன் எழுவதற்குள் எழுதி முடிக்க வேண்டும். அதனால் யாரை முதலில் சொன்னேன், யாரைக் கடைசியில் சொன்னேன் என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நான் தையல்காரி. ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்தில் வீட்டுத் திண்ணையில் மெஷின் போட்டு 16 வருடமாக ஜாக்கெட் தைக்கிறேன். ஊரில் பாதிப் பெண்களின் அளவை நோட்டைப் பார்க்காமலே சொல்வேன். ஜாக்கெட் பிடிக்கிறது என்று யாராவது வந்தால், "என்ன, விசேஷமா?" என்று முதலில் கேட்பவளும் நான்தான். அப்படிப்பட்டவள் கார்த்திகையில் ஒரு முறை, தையில் ஒரு முறை என் ஜாக்கெட்டின் பக்கத் தையலைப் பிரித்து, உள்ளே விட்டிருந்த துணியை எடுத்து அகலமாக்கினேன். பிரித்த இடத்தில் பழைய ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்தன. உட்கார்ந்தே வேலை பார்த்தால் சதை போடத்தானே செய்யும் என்று அடுத்த துணியை எடுத்தேன்.

எனக்குச் சினைப்பையில் நீர்க்கட்டி. மூன்று மாதம், நான்கு மாதம் நாள் தள்ளிப்போவது புதிதில்லை. முழுகாமல் இருக்கிறாள் என்பார்களே, அந்தக் கணக்கில் நான் வருடத்தில் பாதி நாள் முழுகாமல்தான் இருப்பேன். மகள் பிறந்து 17 வருடம். இன்னொன்று வேண்டும் என்று பழனிக்கு வருடா வருடம் நடந்து பார்த்துவிட்டு, பிறகு அந்த நினைப்பையே விட்டுவிட்டோம். 42 வயதில் நாள் தள்ளினால் மாதவிலக்கு நிற்கப்போகிறது என்றுதானே தோன்றும்? போதாததற்கு நடுவில் இரண்டு முறை லேசாக உதிரம் பட்டது. அதையும் மாதவிலக்கு என்று காலண்டரில் குறித்து வைத்தேன். வாந்தி இல்லை, மாங்காய் ஆசை இல்லை. வயிற்றுக்குள் ஏதோ புரண்டபோது ஓமத் தண்ணீர் குடித்தேன். ஒரு டாக்டரிடமும் போனேன். வயிற்றில் கை வைக்காமலே வாயு மாத்திரை எழுதிக் கொடுத்தார். நானும் வாயு என்று சொல்லித்தான் போய் உட்கார்ந்தேன்.

மாசி மாதத்தில் அந்த ராத்திரி இடுப்பு விட்டுவிட்டு வலித்தது. வீட்டுக்காரர் காய்கறி லோடு ஏற்றிக்கொண்டு பாலக்காடு போயிருந்தார். மகளுக்குப் பொதுத்தேர்வு தொடங்க ஆறு நாள் இருந்தது. இரண்டரை மணிக்கும் முழித்திருந்து வேதியியல் படித்துக்கொண்டிருந்தாள். குளியலறையில் என் சத்தம் கேட்டு ஓடி வந்தவள் ஒரு நிமிடம் அப்படியே நின்றாள். "அம்மா, இது வயித்து வலி இல்லம்மா" என்றாள்.

108-ல் அவள் அழைப்பை எடுத்த தங்கச்சிக்கு முதல் நன்றி. உங்கள் முகம் தெரியாது, பெயர் தெரியாது. ஸ்பீக்கரில் குரல் மட்டும் வந்தது. "பாப்பா, பயப்படாதே. நான் சொல்றதை மட்டும் செய்." குழந்தையைத் துடை, அம்மா நெஞ்சு மேலே போடு, இரண்டு பேரையும் சேர்த்து மூடு, கொடியை இழுக்காதே, வெட்டாதே. அவ்வளவுதான் சொன்னீர்கள். வண்டி வந்து சேரும்வரை வைக்காமல் இருந்தீர்களே, அதுதான் பெரிது. அவன் அழுதபோது உங்கள் பக்கத்திலிருந்தும் ஒரு மூச்சு விட்ட சத்தம் கேட்டதாக மகள் இன்றும் சொல்கிறாள்.

எதிர்வீட்டு அப்பத்தாவை என்ன சொல்ல! ஏழு பிள்ளையையும் வீட்டிலேயே பெற்றவர். வந்ததும் புது பிளேடு கேட்டார். "வெட்டக் கூடாதுன்னு போன்ல சொல்றாங்க அப்பத்தா!" என்று மகள் கத்தினாள். அப்பத்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏழு வெட்டியிருக்கேன்டி" என்று முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குப் போய், துவைத்துத் துவைத்து நைந்த நூல் சேலை ஒன்றை எடுத்துவந்து நாலாகக் கிழித்தார். ஒரு துண்டால் அவனைத் துடைத்தார். இன்னொன்றில் சுற்றினார். வாசலில் எட்டிப் பார்த்த கூட்டத்தை ஒரே அதட்டில் விரட்டியவரும் அவர்தான்.

ஆம்புலன்ஸ் தம்பி, நீங்கள் கிளிப் போட்டு, கொடியை வெட்டி, பிள்ளைக்குப் பின்னால் வரும் நஞ்சு விழும்வரை என் வயிற்றில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தீர்கள். வழியெல்லாம் என் மனதில் ஒரே பயம்: இந்தத் தம்பி என்ன நினைப்பார்? நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்று. "அக்கா, பிறந்த நேரம் 2.52-ன்னு எழுதிக்கவா?" சந்தில் வண்டி திரும்ப, தன் வேனை வயலுக்குள் இறக்கி வழிவிட்ட பால்கார அண்ணனுக்கும் நன்றி.

பெரிய ஆஸ்பத்திரியில் எடை பார்த்தார்கள்: 2 கிலோ 100 கிராம். எனக்கு ரத்தம் குறைவு, ஹீமோகுளோபின் 8. ஸ்கேன் இல்லை, இரும்புச்சத்து மாத்திரை இல்லை, ஊசி இல்லை, ஒன்றுமே இல்லாமல் வந்து சேர்ந்தவள். இரண்டு நாள் எனக்குப் பாலும் ஊறவில்லை. தாய்ப்பால் வங்கியிலிருந்து கொண்டுவந்து ஊட்டினார்கள். கொடுத்த தாய்மார் யாரென்று சொல்ல மாட்டார்கள். உங்களில் யாராவது இதைப் படித்தால், நன்றாகக் குடித்தான் என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

எல்லோரும் நல்லபடியாகப் பேசினார்கள் என்று பொய் சொல்ல மாட்டேன். "ரெண்டாவது பிள்ளை, எப்படித் தெரியாமப் போகும்? மறைச்சிருப்பா" என்று என் காதுபடவே வார்டில் பேசினார்கள். சொந்தக்காரர்களும் பேசினார்கள். போர்வைக்குள் அழுதுகொண்டிருந்தேன். பயிற்சி டாக்டரம்மா ஒருவர் வந்து கட்டிலில் உட்கார்ந்தார். ஜெர்மனியில் பெர்லின் நகரத்தில் கணக்கெடுத்து 2002-ல் எழுதியிருக்கிறார்கள் என்றார். கர்ப்பத்தில் பாதிக் காலம், அதாவது 20 வாரம் தாண்டியும் கர்ப்பம் தெரியாதவர்கள் 475 பிரசவத்துக்கு ஒருவராம். வலி வரும்வரை தெரியாதவர்கள் 2,455-க்கு ஒருவராம். நஞ்சு முன்பக்கமாக ஒட்டியிருந்தால் பிள்ளையின் உதை மெத்தைக்குள் உதைத்த மாதிரி அமுங்கிப் போகும், உங்களுக்கும் அப்படி இருந்திருக்கலாம் என்றார். அந்த இரண்டு எண்ணையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதியும் கொடுத்தார். சீட்டு இப்போது வீட்டுக்காரர் பர்ஸில், லைசென்ஸுக்குப் பின்னால் இருக்கிறது. கல்யாண வீட்டில், டீக்கடையில், யார் ஆரம்பித்தாலும் எடுத்து நீட்டுகிறார். இத்தனைக்கும் மகள் போனில் சொன்னபோது, "யாருக்கு?" என்று மூன்று முறை கேட்ட மனிதர்! லோடை இறக்கிவிட்டு வந்தவருக்கு, சட்டையைக் கழற்றிப் பிள்ளையை நெஞ்சோடு அணைத்து உட்காரச் சொல்லிக் கொடுத்த நர்ஸம்மாவுக்கும் நன்றி. கங்காரு மாதிரி என்று சொன்னீர்கள். அவர் அசையாமல் இரண்டு மணி நேரம் உட்கார்ந்ததை நான் கல்யாணமான நாளிலிருந்து பார்த்ததில்லை.

ஊர் நர்ஸக்காவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பிறப்புச் சான்றிதழுக்கு, கர்ப்பத்தைப் பதிந்ததும் கொடுக்கும் 12 இலக்க எண்ணைக் கேட்பார்கள். தெரியாத கர்ப்பத்தை எங்கே பதிவது? 21 நாளுக்குள் பதிய வேண்டுமே என்று நான் பதறியபோது, "அது என் பாடு, நீ பிள்ளைக்குப் பாலைக் கொடு" என்றீர்கள். எத்தனை முறை ஸ்கூட்டியில் அலைந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். சான்றிதழ் வந்துவிட்டது, பீரோவில் இருக்கிறது.

மகளின் வேதியியல் டீச்சருக்கு: மூன்று சாயங்காலம் வீட்டுக்கே வந்து பாடம் சொன்னீர்கள். பரீட்சையைச் சுமாராக எழுதியிருப்பதாகச் சொல்கிறாள். சுமார் போதும்.

அப்புறம் எங்கள் தெருப் பெண்களுக்கு. முப்பதாம் நாள் கழிந்த மறுநாள், புளிச்சாதம், எலுமிச்சைச் சாதம் என்று ஐந்து பாத்திரத்தோடு வந்து நின்றீர்கள். பிள்ளை பிறந்த பிறகு எந்த ஊரில் வளைகாப்பு என்று நான் சிரித்தேன். "எங்களுக்கு நீ ஒரு வளைகாப்புக் கடன்" என்று சொல்லிக் கை நிறைய அடுக்கிவிட்டீர்கள். துணி தள்ளும்போது கண்ணாடி வளையல் மெஷினில் இடிக்கிறது, கழற்ற மனம் வரவில்லை.

அப்பத்தா, கிழித்த சேலைக்குப் பதிலாக ஒரு நூல் சேலை எடுத்து ஓரம் அடித்து வைத்திருக்கிறேன், சாயங்காலம் வாருங்கள். ஜாக்கெட் துணி கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் 11 பேரும் சித்திரை முடியும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள். அளவு நோட்டு பத்திரமாக இருக்கிறது. சரி, எழுந்துவிட்டான்.