முடக்கம் வேறு, முடக்கத்தைக் காப்பது வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கறுப்பு, செம்மஞ்சள், வெள்ளை கலந்த மூவண்ணப் பூனைகள் ஏன் பெரும்பாலும் பெண்ணாகவே இருக்கின்றன என்பது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, பெண் பாலூட்டிகளின் உடற்செல் ஒவ்வொன்றிலும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று முடங்கிவிடுகிறது என்று மேரி லயன் 1961இல் முன்வைத்த கருத்தைத் தெளிவாகவே விளக்கியிருந்தது. கறுப்பா செம்மஞ்சளா என்பதைத் தீர்மானிக்கும் மரபணு எக்ஸில் இருப்பதால், எந்த எக்ஸ் முடங்கியது என்பதைப் பொறுத்தே திட்டின் நிறம் அமைகிறது. ஆனால், அந்த முடக்கம் முழுவதற்கும் எக்ஸிலேயே உள்ள எக்சிஸ்ட் என்னும் மரபணுவிலிருந்து உருவாகும் ஆர்.என்.ஏ. ஒன்றே பொறுப்பு என்பதுபோல் முடித்திருப்பது பொருந்தாது.

எக்சிஸ்ட் தொடங்கி வைக்கிறது, அவ்வளவே. கரு வளர்ச்சியின் தொடக்கத்தில் அந்த ஆர்.என்.ஏ. தான் உருவான குரோமோசோமையே போர்த்திக்கொள்ள, டி.என்.ஏ. சுருண்டிருக்க உதவும் ஹிஸ்டோன் புரதங்கள் மாற்றமடைந்து மரபணுக்கள் அடங்குகின்றன. பூட்டு அதற்குப் பிறகே விழுகிறது: மரபணுக்களின் தொடக்கப் பகுதிகளில், டி.என்.ஏ.வின் எழுத்துகளில் குவானினுக்கு முன்னால் நிற்கும் சைட்டோசின்களில், மெத்தில் தொகுதிகள் என்னும் சிறு வேதிக் குறிகள் சேர்கின்றன. செல் பிரிவதற்காக டி.என்.ஏ. இரட்டிக்கும்போது, பழைய இழையில் மெத்தில் உள்ள இடங்களுக்கு நேராகப் புதிய இழையிலும் அதைச் சேர்த்துவிடுகிறது டி.என்.எம்.டி.1 என்னும் நொதி. கருவில் முடங்கிய அதே எக்ஸ், அந்தச் செல்லின் வழிவந்த செல்களில் ஆயுள் முழுக்க முடங்கியே இருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம்.

இதற்கான சான்று 1981இலேயே கிடைத்தது. மனிதச் செல்லையும் சுண்டெலிச் செல்லையும் இணைத்து உருவாக்கிய, மனிதரின் முடங்கிய எக்ஸைத் தாங்கிய கலப்புச் செல்களில், மெத்தில் சேர்வதைக் குலைக்கும் அசாசைட்டிடின் என்ற மருந்தைச் செலுத்தியபோது, அந்த எக்ஸில் அடங்கிக் கிடந்த எச்.பி.ஆர்.டி. என்ற மரபணு மீண்டும் இயங்கியது. மாறாக, இத்தகைய செல்களில் எக்சிஸ்ட் பகுதியே இல்லாமற் போனாலும் முடக்கம் கலையவில்லை என்று 1994இல் வெளியான ஆய்வு காட்டியது.

கடலூர் முதுநகர் மீன்பிடித் துறைமுகத்தில், ஏலம் முடிந்ததும் கூடைகளுக்கிடையே புகுந்து திரியும் பூனைகளைக் குட்டியிலிருந்து பார்த்து வருபவர்களுக்குத் தெரியும்: முதுகிலுள்ள கறுப்புத் திட்டு, பூனை கிழடாகும்போதும் செம்மஞ்சளாவதில்லை. (வெள்ளை நிறம் எக்ஸைச் சார்ந்ததன்று, அது வேறொரு குரோமோசோமில் உள்ள மரபணுவின் வேலை.) திட்டுகள் எப்படி உண்டாயின என்று சொன்ன கட்டுரை, அவை ஏன் மாறுவதில்லை என்பதைத் தொடவே இல்லை.

இன்னொன்று. முடங்கிய எக்ஸில் எல்லா மரபணுக்களும் அடங்கிவிடுவதில்லை. மனிதரில் ஏறத்தாழ 15 விழுக்காடு தப்பி இயங்குகின்றன. ஒரே எக்ஸுடன் பிறக்கும் டர்னர் நோய்க்குறிப் பெண்களுக்கு உடல்நலக் குறைகள் தோன்றுவதற்கு, இத்தகைய மரபணுக்களின் இரண்டாவது படி இல்லாததும் ஒரு காரணம். தங்கள் இதழைப் பிளஸ் டூ மாணவர்களும் பாடத்தோடு சேர்த்துப் படிப்பதால், இவ்விரண்டையும் அடுத்த இதழில் ஒரு சிறு குறிப்பாகவேனும் வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
கடலூர் முதுநகர்.