இங்கே தாமே இறங்காத எழுத்தாளர் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு மலரில் அமெரிக்க நாவலாசிரியர் ஆன்டி வியர் பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் கடைசிப் பந்தியில் "எமது எழுத்தாளர்கள் தாமே களத்தில் இறங்கப் பழகவில்லை" என்று ஒரு வரி. அதை எழுதியவர் யாழ்ப்பாணத்தில் ஒரு நூல் வெளியீட்டுக்காவது போயிருக்கிறாரா? போயிருந்தால் சிற்றுண்டி கொடுத்த கையோடு எழும்பி வந்திருப்பார்.

ஐயா, இங்கே தாமே இறங்காத எழுத்தாளர் யார்? ஆறுமுக நாவலர் சென்னைக்குப் போய் அச்சியந்திரம் வாங்கி வந்து வண்ணார்பண்ணையில் நிறுவி, தம் நூல்களைத் தாமே அச்சிட்டவர். டொமினிக் ஜீவா சலூன் தொழிலோடு 1966இல் மல்லிகை சஞ்சிகையைத் தொடங்கி, அதைத் தாமே கொண்டு திரிந்து விற்றவர். இதெல்லாம் தாங்கள் அறியாததா?

வியரின் கதையிலும் வசதியான பாதியைத்தான் கட்டுரையாளர் எடுத்திருக்கிறார். வேலை போனபின் முழுநேரம் எழுதிப் பார்த்து, ஒரு முகவரும் ஏற்காமல், மறுபடி கணினி வேலைக்கே போனவர் அந்த மனிதர். 2009இலிருந்து செவ்வாய்க் கிரகத்தில் தனித்துப்போன ஒருவனின் கதையைத் தன் இணையத்தளத்தில் அத்தியாயம் அத்தியாயமாக இலவசமாகப் போட்டார். விஞ்ஞானம் தெரிந்த வாசகர்கள் இரசாயனத்தில் பிழை பிடித்து எழுதினார்கள், அவரும் திருத்தினார். அவர்கள் கேட்டதால்தான் அது கிண்டில் என்ற அமேசனின் மின்னூற் கடைக்கே போனது, அமேசன் விடுகிற ஆகக் குறைந்த விலையான 99 அமெரிக்கச் சதத்துக்கு. மூன்று மாதத்தில் 35,000 பிரதிகள். 2014இல் பெரிய பதிப்பகம் அச்சிட்டது, அடுத்த வருடம் படமும் வந்தது. அவரும் தானே இறங்கினவர்தான், ஆனால் இறங்கின இடத்தில் வாசிக்க ஆட்கள் நின்றார்கள். என்னுடைய நாவலையும் பெறாமகன் கிண்டிலில் ஏற்றித்தான் தந்தான். வாங்கினது அவனும் அவன் மனைவியும்.

அச்சுப் பிரதியின் கதை வேறு. புரூப் பார்த்தது நான், அட்டைப்படத்துக்கு அலைந்தது நான், மண்டபத்துக்குக் கதிரை பிடித்ததும் நான். அன்று முதற்பிரதி வாங்கியவர் தந்த கடித உறையில் வேறொருவருடைய கலியாண வாழ்த்து எழுதி வெட்டப்பட்டிருந்தது. மிஞ்சிய பெட்டிகள் கட்டிலுக்குக் கீழே, கறையானுக்குப் பயந்து செங்கல்லின்மேல் இருக்கின்றன. புத்தகக் கடையில் கொடுத்த பிரதிகளுக்குக் கணக்குக் கேட்டால், "விற்றால் சொல்லுவம் மாஸ்ரர்" என்கிறார்கள். அவை பரீட்சை வழிகாட்டிகளுக்குப் பின்னால் நிற்கின்றன, குனிந்து தேடினால்தான் தெரியும்.

தங்கள் பத்திரிகையும் அந்த விழாவுக்குப் படம் போட்டது, நன்றி. பிரதம விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தும் படம். பொன்னாடை நூலை மறைத்துவிட்டது. படத்துக்குக் கீழே அவருடைய பட்டங்கள் எல்லாம் இருந்தன, நாவலின் பெயருக்குத்தான் இடம் கிடைக்கவில்லை.

எழுபதுகளில் இந்தியச் சஞ்சிகைகளின் வரவு மட்டுப்படுத்தப்பட்டபோது வீரகேசரி பிரசுரமாக ஈழத்து நாவல்கள் வந்தன, சனம் வாங்கி வாசித்தது. ஒரு பத்திரிகை நிறுவனம் மனம் வைத்ததால் நடந்த காரியம் அது. இப்போது பத்திரிகைகள் எங்களுக்குப் புத்திமதி சொல்கின்றன.

தங்களைப் புத்தகம் போடச் சொல்லவில்லை. முன்பு ஞாயிறு மலரில் "வரப்பெற்றோம்" என்று ஒரு சிறு பெட்டி வருமே, அதை மறுபடி போடுங்கள். நூலின் பெயர், விலை, எங்கே வாங்கலாம், இவ்வளவும் போதும். சோதிடப் பலனில் ஒரு இராசியைச் சுருக்கினால் இடம் வந்துவிடும்.

அதற்கும் இடமில்லையென்றால், மதிப்புரைக்கென்று நான் அனுப்பிய இரண்டு பிரதிகளையும் திருப்பி அனுப்பிவிடுங்கள். தபாற் செலவை நானே தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
கோண்டாவில்.