130 கிலோ என்று மனப்பாடம் செய்யாதே

அன்புள்ள பிள்ளைக்கு,

சட்பரியில் குளிர்காலத்தில் றோட்டு ஐஸுக்கு உப்புப் போடும் லொறிகளுக்கு மேற்பார்வை பார்க்கப் போகிறாய் என்றதிலிருந்து அம்மாவுக்கு உன் சப்பாத்து, கையுறை பற்றிய கவலைதான். உன் கேள்வி வேறு: ஒரு கிலோமீற்றர் றோட்டுக்கு எத்தனை கிலோ உப்பு என்று ட்ரைவர்மாருக்குச் சொல்லி அனுப்புவது?

இருவழி றோட்டில் ஒரு கிலோமீற்றருக்கு 130 கிலோ என்பது ஒன்ராறியோவில் வழக்கமாகச் சொல்லும் அளவு. அதை மந்திரம் போலப் பிடித்துக்கொண்டு கொட்டுகிறவர்கள் உண்டு. றோட்டு 7 மீற்றர் அகலம் என்று வை, சதுர மீற்றருக்கு 19 கிராம்கூட வராது. அந்த உப்புக்கு எவ்வளவு பலம் என்பது குளிரின் கையில். மைனஸ் 1இல் ஒரு கிலோ உப்பு ஏறத்தாழ 46 கிலோ ஐஸைக் கரைக்கும். மைனஸ் 4இல் 14. மைனஸ் 7இல் எட்டரை. மைனஸ் 12இல் ஐந்துதான்.

இதை ஒருதரம் நீயே கணக்குப் போட்டுப் பார். புதிதாய் விழுந்த ஒரு சென்ரிமீற்றர் ஸ்னோவில் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் தண்ணீர் இருக்கும். மைனஸ் 7இல் 130 கிலோ போட்டால் அதில் ஆறில் ஒரு பங்குதான் கரையும். அளவை இரட்டிப்பாக்கினாலும் மூன்றில் ஒன்று. ஸ்னோவை உப்பால் கரைத்து முடிக்கலாம் என்று நினைக்கிறவனுக்கு எந்த அளவும் காணாது. றோட்டோடு ஐஸ் ஒட்டாமல் பிரித்துவிடுவது மட்டும்தான் உப்பின் வேலை, மிச்சத்தை பிளவ், அதுதான் ஸ்னோ தள்ளும் லொறி, வழிக்க வேண்டும். வழித்த பிறகு போடு, போட்டபின் உடனே வழிக்க விடாதே.

வெப்பநிலை என்று நான் சொல்வது றோட்டுடையது, ரேடியோவில் சொல்கிற காற்றுடையது இல்லை. நவம்பரில் நிலத்துக்குள் இன்னும் சூடு இருக்கும். மார்ச்சில் வெயில் பட்ட தார் காற்றைவிடச் சூடாய்க் கிடக்கும். பாலங்களுக்குக் கீழே நிலம் இல்லை, அவை முதலில் உறையும். லொறியில் றோட்டுச் சூடு பார்க்கும் கருவி இருந்தால் அதை நம்பு. இப்போதைய எண்ணை மட்டும் பார்க்காமல் அது எந்தப் பக்கம் போகிறது என்றும் பார். பின்னேரம் வெயில் இறங்கும்போது, லொறி சுற்றித் திரும்ப இரண்டு மணித்தியாலம் என்றால், இரண்டு மணித்தியாலம் கழித்து றோட்டு எவ்வளவு குளிர்ந்திருக்கும் என்பதற்குத்தான் அளவு. குறைத்துப் போட்டால் கரைந்த தண்ணீர் நீர்த்துப்போய்த் திரும்ப உறையும். அது முதலில் இருந்ததைவிட மோசம்.

உங்கள் பக்கத்து ஜனவரியில் இன்னொரு சிக்கல். மைனஸ் 21 வரை உப்பு வேலை செய்யும் என்று புத்தகத்தில் இருக்கும், அது 23 வீத உப்புக் கரைசலுக்கு உரிய எல்லை. றோட்டில் மைனஸ் 10, 12க்குக் கீழே கல்லுப்பை நம்பி இருக்க முடியாது. காய்ந்த ஸ்னோ காற்றோடு தாரைக் கடந்து போய்க்கொண்டிருந்தால் போக விடு. உப்புப் போட்டு ஈரமாக்கினால் போகிறதும் வந்து ஒட்டும். அந்த நேரம் மணல் போடு, இல்லையென்றால் ஒன்றும் போடாதே. 'ஏன் லொறி சும்மா நிற்கிறது' என்று கேட்பார்கள். கேட்கட்டும்.

உப்பைக் கரைசலால் நனைத்துப் போடும் வசதி இருந்தால் அளவைக் குறைக்கலாம், காய்ந்த கல் துள்ளிக் கானுக்குள் போய்விடும். வேகமாய் ஓடினாலும் அப்படித்தான். லொறிக்குள் இருக்கும் திரையில் 130 என்று காட்டுவதால் 130 விழுகிறது என்று அர்த்தமில்லை. சீசனுக்கு முன் ஒவ்வொரு லொறியும் கொட்டுவதை நிறுத்துப் பார்க்கச் சொல்.

ஆனையிறவில் வெயிலில் விளைந்த உப்பைப் பார்த்து வளர்ந்தவன், ஹூரன் ஏரிக்கு அடியில் 500 மீற்றருக்கும் கீழே வெட்டிய உப்பைக் கொட்டிச் சம்பளம் வாங்கினேன். போட்ட உப்பு எங்கும் மறைவதில்லை, ஓடையோடு ஏரிக்குப் போகும். 2001இலேயே கனடா அரசின் ஆய்வு றோட்டு உப்பு சூழலுக்கு நஞ்சு என்று முடிவு சொல்லிவிட்டது. உங்கள் ராம்சே ஏரியில் இருந்துதான் ஊரில் ஒரு பகுதிக்குக் குடிதண்ணீர். ஒன்ராறியோவில் லீற்றருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் இருந்தால் சுகாதார அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும், அம்மாவைப் போல உப்புக் குறைத்துச் சாப்பிடுகிறவர்களுக்காக. அதற்காக மேட்டிலும் வளைவிலும் கஞ்சத்தனம் பார்க்காதே. நேராய்க் கிடக்கிற றோட்டில் மிச்சம் பிடி.

ஒவ்வொரு சுற்றின் றோட்டுச் சூடு, போட்ட அளவு, ஒரு மணித்தியாலம் கழித்து றோட்டு எப்படி இருந்தது, மூன்றையும் எழுதி வை. முதல் புயல் முடிந்ததும் படம் எடுத்து அனுப்பு, இருந்து பார்ப்போம்.

அப்பா