தொட்ட பிறகு சூடு உண்டா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் விசேஷ வீடுகளில் சமையல் பேசும்போதே, "எல்லாரும் கிளவுஸ் போட்டுக்கணும், எதையும் வெறுங்கையால தொடக்கூடாது" என்று சொல்லிவிடுகிறார்கள். பயம் நியாயமானதுதான். ஆனால் பயப்பட வேண்டிய இடம் வேறு.

கைமுறுக்கு சுற்றும்போது கையுறை போட்டால் இழை பிடிபடாது. போடவும் வேண்டியதில்லை. சோப்புப் போட்டுக் கழுவிய கையால் சுற்றிய முறுக்கு 170 டிகிரிக்குக் காய்ந்த எண்ணெயில் விழுகிறது, கிருமி பிழைக்காது. சீப்புச் சீடைக்கும் அப்படியே. ஆறிய முறுக்கை எண்ணிப் பையில் போடுகிற கையைத்தான் பார்க்க வேண்டும். பை வாய் பிரியவில்லை என்று விரலால் எச்சில் தொடுவதும், வாயால் ஊதுவதும் அங்கேதான் நடக்கிறது. மாவுருண்டையைக் கையால் பிடித்த பிறகு அடுப்பு கிடையாது. ஈரம் இல்லாததால் அதில் பாக்டீரியா பெருகாது. ஆனால் வாந்தி, பேதி உள்ளவர் பிடித்தால் நோரோவைரஸ் என்ற வயிற்றுக் கிருமி ஒட்டிக்கொள்ளும். அது பெருகவே வேண்டாம், நோய் வரத் துளி போதும். சானிடைசர் அதனிடம் அவ்வளவாகப் பலிக்காது. சோப்பும் ஓடுகிற தண்ணீரும்தான் வழி.

உண்மையில் ஆபத்து, ஈரமாக இருந்து, தொட்ட பிறகு சூடு காணாத பண்டங்களில்: தேங்காய்ச் சட்டினி, தயிர்ப் பச்சடி, தயிர்சாதம். மூக்கிலும் விரல் புண்ணிலும் இருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா இவற்றில் விழுந்து பெருகினால் நஞ்சு கக்கும். பிறகு சுடவைத்தால் கிருமி சாகும், நஞ்சு சாகாது. அதனால் சட்டினியை ஒரே மூச்சில் அரைத்து வைக்காமல், பந்திக்குப் பந்தி அரைக்கச் சொல்லுங்கள். கோசமல்லிக்கு வெந்த கத்தரிக்காயைக் கையால் பிசைந்தால், பிசைந்ததைக் கரைத்துத் தாளித்து ஒரு கொதி வரும் வரை இறக்கக் கூடாது. விரலில் வெட்டு உள்ளவர் தண்ணீர் புகாத பிளாஸ்திரி ஒட்டி, அதற்கு மேல்தான் கையுறை போட வேண்டும். இல்லையென்றால் அன்றைக்குக் காய் கழுவும் வேலை கொடுங்கள்.

கையுறையின் குறை என்னவென்றால், கை அழுக்கானது தெரியாது. அதே கையுறையோடு காசு வாங்குவார், போனை எடுப்பார், மூக்கைத் துடைப்பார், இட்லியையும் எடுத்து வைப்பார். வேலை மாறும்போதெல்லாம் கழற்றி எறிந்து, கை கழுவி, புதிது போட்டால்தான் பயன். கடைகளில் காசுக்கு ஓர் ஆள், பண்டத்துக்கு ஓர் ஆள் என்று பிரித்தாலே பாதிக் கவலை தீரும். யாருமே பேசாத பொருள் ஒன்று உண்டு: தோள் துண்டு. நெற்றி வியர்வை, அண்டா விளிம்பு, கழுவிய கை எல்லாம் அந்த ஒரே துண்டில். ஈரக்கை கிருமியை எளிதில் கடத்தும். கை துடைக்கத் தனித் துணி வைத்து, நனைந்ததும் மாற்றுங்கள்.

யாருமே தொடாத சாப்பாடும் கெடும். அண்டா நிறைய மீந்த கறிக்குழம்பை அப்படியே மூடி வைத்தால் நடுப்பகுதி விடிய விடிய வெதுவெதுப்பாகவே இருக்கும். 5 முதல் 60 டிகிரி வரை கிருமிக்குக் கொண்டாட்டம். மூன்று அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் தட்டுகளில் பிரித்து ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குள் போக வேண்டும். மீந்த சாதத்துக்கும் இதே கணக்குதான்.

வடையைச் செய்தித்தாளில் மடிப்பதைப் பற்றி உங்களிடமே சொல்வது வேடிக்கைதான். மை எண்ணெயில் ஊறும். 2018ஆம் ஆண்டு உணவுப் பொதிவு விதிமுறைகளே இதைத் தடுக்கின்றன. உங்கள் தாளை வாசிக்க மட்டும் வைத்துக்கொள்வோம்.

சிலருக்கு இது சுத்தத்தைத் தாண்டிய பயம். தோல் வெடிக்கும்வரை கழுவுவார்கள், யார் கை பட்டாலும் சாப்பிட மாட்டார்கள். வெடித்த தோலில் கிருமி இன்னும் நன்றாகக் குடியேறும் என்பதுதான் கொடுமை. அவர்களைக் கேலி செய்ய வேண்டாம். சிகிச்சை உண்டு, அரசின் மனநல உதவி எண்ணான 14416-இல் பேசலாம்.

கடைசியாக, சமையல் ஒப்பந்தக்காரர்களுக்கும் விசேஷ வீட்டாருக்கும் ஒரு வேண்டுகோள். வயிற்றுப்போக்கு நின்று 48 மணி நேரம் ஆகும்வரை அந்த ஆள் உணவைத் தொடக் கூடாது. ஆனால் வராத நாளுக்குக் கூலி இல்லை என்றால், அவர் சொல்லாமல் வந்து நிற்பார். அந்த இரண்டு நாள் கூலியையும் சமையல் பேசும்போதே ஒப்பந்தத்தில் சேர்த்துப் பேசுங்கள்.

இப்படிக்கு,
விசேஷச் சமையல் தொழிலில் உள்ளவர்கள்,
காரைக்குடி.