பலாவுக்கு முன் பனை வரலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கட்டற்ற மென்பொருளுக்கு நம் மாணவர்கள் பங்களிக்க வேண்டும் என்ற வேண்டுகோளைத் தங்கள் நாளிதழில் அவ்வப்போது காண்கிறேன். மகிழ்ச்சியே. ஆயினும் பங்களிப்பு என்றால் புதிதாக நிரல் எழுதுவது மட்டுமே என்று பலரும் கருதிவிடுவதால், பிறர் எழுதியதைச் சரிபார்க்கும் பணியைப் பற்றி, நான் நாள்தோறும் கையாளும், கட்டற்ற மென்பொருளான போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை முன்வைத்துச் சிலவற்றைக் கூற விரும்புகிறேன்.

2025 செப்டம்பரில் வெளியான அதன் 18ஆம் பதிப்பில், அணியின் (பல மதிப்புகளை ஒன்றாக வைத்திருக்கும் பட்டியலின்) உறுப்புகளை வரிசைப்படுத்தும் 'அரே_சார்ட்', தலைகீழாக்கும் 'அரே_ரிவர்ஸ்' என்ற இரு செயற்கூறுகள் (ஆயத்தக் கட்டளைகள்) சேர்க்கப்பட்டன. 3, 1, 2 என்று கொடுத்து 1, 2, 3 என்று வந்தால் போதாதா என்று தோன்றும். போதாது. அணி வெறுமையாக இருந்தால், நடுவே 'நல்' (NULL, அதாவது மதிப்பு அறியப்படவில்லை என்னும் குறி) இருந்தால், அணி இரு பரிமாணங்கள் கொண்டதாக இருந்தால், உறுப்புகளின் இடத்தைக் குறிக்கும் சுட்டெண் ஒன்றில் தொடங்காமல் சுழியத்தில் தொடங்கினால் (போஸ்ட்கிரெஸ் அதற்கும் இடம் தருகிறது) என்ன விடை வர வேண்டும் என்று சரிபார்ப்பவர் கேட்டாக வேண்டும். முன்பெல்லாம் அணியை 'அன்னெஸ்ட்' கொண்டு பிரித்து, அடுக்கி, 'அரே_ஏஜிஜி' கொண்டு மீண்டும் ஒன்றுசேர்த்து வந்தோம். அவ்வழியில் வெற்று அணி 'நல்' ஆகிவிடும். புதிய செயற்கூறோ வெற்று அணியையே திருப்பித் தருகிறது.

இது அற்ப வேறுபாடு அல்ல. முன்பு பணியாற்றிய ஓரிடத்தில், விருப்பப் பாடம் எதையும் தேர்ந்தெடுக்காத மாணவர்களைப் பட்டியலிட, அணியின் நீளத்தைத் தரும் 'அரே_லெங்த்' சுழியத்துக்குச் சமம் என்று நிபந்தனை எழுதினேன். ஒரு பெயர்கூட வரவில்லை. அனைவரும் தேர்ந்தெடுத்துவிட்டனர் என்றே அறிக்கை போயிற்று. வெற்று அணிக்கு அச்செயற்கூறு சுழியத்தை அல்ல, 'நல்' என்பதையே தரும் என்பது பிறகுதான் உறைத்தது. அதை நம்பி எழுதிய நிரல்கள் உலகெங்கும் இருப்பதால் அவ்வழக்கம் இன்றும் அப்படியே இருக்கிறது. வெற்று அணிக்குச் சுழியம் தரும் 'கார்டினாலிட்டி' என்ற வேறொரு செயற்கூறு 2014இல் 9.4ஆம் பதிப்பில் தனியாக வந்து சேர்ந்தது. உள்ளே வந்துவிட்ட ஒன்றைத் திருத்துவது அத்தனை கடினம் என்பதால், கேள்விகளை முன்னதாகவே கேட்பது நல்லது.

அக்கேள்விகளுள் ஒன்று நம்முடையது. பனை, பலா, புளி என்ற மூன்று சொற்களை அகரவரிசைப்படுத்தச் சொன்னால், யூனிகோடு எண்களை மட்டும் பார்க்கும் 'சி' ஒழுங்கு பனையை முதலில் வைக்கும். அந்த அட்டவணையில் னகரம் நகரத்தை அடுத்தே, லகரத்துக்கு முன்பாகவே வந்துவிடுகிறது. நம் நெடுங்கணக்கில் னகரம் கடைசி மெய். பலாவே முதலில் வர வேண்டும். ஐசியு (ICU) என்ற யூனிகோடு மென்பொருள் நூலகம் வழங்கும் தமிழ் ஒழுங்கைக் குறிப்பிட்டால் சரியாக வரும். புதிய வரிசைப்படுத்தும் செயற்கூறு ஒன்று முன்மொழியப்படும்போது, இந்த மூன்று சொற்களை உள்ளிட்டுப் பார்க்கத் தமிழ் அறிந்தவருக்குத்தான் தோன்றும்.

போஸ்ட்கிரெஸ் சமூகத்தில், தன் நிரல்மாற்றத்தைச் சமர்ப்பிப்பவர் பிறருடைய ஒன்றைச் சரிபார்க்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது வழக்கம். சி மொழியில் புலமை இல்லாதவரும் மூலநிரலைத் தொகுத்து, இயக்கி, கையேட்டில் எழுதியிருப்பதும் திரையில் வருவதும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்து எழுதலாம். கல்லூரிகளின் கணினித் துறைகள் இறுதியாண்டுச் செயல்திட்டமாக இதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தரவுத்தள நிர்வாகி ஒருவர்,
மதுரை.