பாப்பா, 207 இனி உன் வண்டி

பாப்பா,

வண்டி நல்லபடியாகப் பொள்ளாச்சி வந்து சேர்ந்தது என்று மாப்பிள்ளை போன் பண்ணினார். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, அதனால்தான் எழுதுகிறேன். தோப்பில் தேங்காய் ஏற்றவும் உரம் கொண்டுவரவும் இது போதும், புது வண்டி எடுத்து மாசா மாசம் தவணை கட்டிக்கொண்டிருக்க வேண்டாம் என்று சொன்னது நான்தான். சொன்னவன் அதை எப்படி வைத்துக்கொள்வது என்றும் சொல்ல வேண்டுமல்லவா.

இது 2004 மாடல் டாடா 207 டிஐ பிக்கப். நாலு சிலிண்டர், 2956 சிசி, டர்போ கிடையாது, சென்சார் கிடையாது, இந்தக் கால வண்டி மாதிரி கம்ப்யூட்டரும் கிடையாது. டீசலை அளந்து, அதை இன்ஜினுக்குள் பீய்ச்சுகிற ஒவ்வொரு நாசிலுக்கும் அனுப்புவது பம்ப்தான், அதற்குள் இருப்பதெல்லாம் இரும்பும் ஸ்பிரிங்கும். அந்தப் பம்பைச் செய்கிற மைக்கோ கம்பெனி 2008-ல் பாஷ் என்று பெயர் மாற்றிக்கொண்டாலும் பழைய மெக்கானிக்குகள் இன்னும் மைக்கோ பம்ப் என்றுதான் சொல்வார்கள், நீயும் அப்படியே கேள். லேப்டாப்பை மாட்டிப் பார்க்கிற வேலை இதில் இல்லை, காது நன்றாகக் கேட்கிற ஒரு மெக்கானிக் இருந்தால் போதும். நான் இத்தனை வருசம் இதை விற்காததற்கு அதுதான் காரணம். எங்கே நின்றாலும் யாராவது ஒருவர் சரிசெய்துவிடுவார்.

காலையில் சாவி போடுவதற்கு முன்னால் பேனட்டைத் தூக்கி ஆயிலும் தண்ணீரும் பார். டீசல் இன்ஜினில் ஆயில் மாற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும், அதைப் பார்த்து பயப்படாதே, அது கரி. பயப்பட வேண்டியது ஆயில் மூடிக்கு அடியில் வெண்ணெய் மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தால்தான், தண்ணீர் ஆயிலில் கலக்கிறது என்று அர்த்தம், அப்புறம் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக்கூடாது. ஆயில் 15டபிள்யூ-40 தான் ஊற்ற வேண்டும். ரேடியேட்டருக்கு உங்கள் தோட்டத்துப் போர் தண்ணீரை மட்டும் ஊற்றிவிடாதே, உப்பு உள்ளே படிந்து டியூபை அடைத்துவிடும், அடைத்தால் சூடு ஏறும், சூடு ஏறினால் இன்ஜின் ஹெட்டுக்கு அடியில் தண்ணீரும் ஆயிலும் கலக்காமல் அடைத்திருக்கிற ஹெட் கேஸ்கெட் போகும். கூலன்ட் கேன் ஒன்று சீட்டுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

செல்ஃப் அடிக்கும்போது பத்து நொடிக்கு மேல் தொடர்ந்து அடிக்காதே. எடுக்கவில்லை என்றால் கொஞ்சம் விட்டு மறுபடி அடி, இல்லாவிட்டால் செல்ஃப் மோட்டாரும் பேட்டரியும் ஒன்றாகப் போகும்.

டேங்கை எப்போதும் பாதிக்குக் கீழே இறங்க விடாதே, மழைக்காலத்தில் இன்னும் கவனமாக இரு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற ஈரக்காற்று உங்கள் பக்கம் ஜாஸ்தி, காலி டேங்கின் சுவரில் அது நீராகப் படிந்து டீசலுக்கு அடியில் போய்த் தங்கும். ஃபில்டருக்குக் கீழே இருக்கிற திருகைக் கொஞ்சம் தளர்த்தி அந்தத் தண்ணீரை அவ்வப்போது வடித்துவிடு. டீசல் தீர்ந்து நின்றுபோனால் பைப்பில் காற்று புகுந்துவிடும், வேறு டீசல் ஊற்றினாலும் எடுக்காது. ஃபில்டர் மேலே இருக்கிற ஏர் ஸ்குரூவைத் தளர்த்திக் கை பம்பை அடித்துக்கொண்டே இரு, குமிழி நின்று டீசல் மட்டும் வருகிற நேரம் இறுக்கு, அவ்வளவுதான். ஆனால் ஒன்று, நாசில் பைப் கசிகிறதா என்று இன்ஜின் ஓடும்போது விரலை வைத்துப் பார்க்கவே கூடாது. அந்த அழுத்தத்தில் வருகிற டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், வெளியே ஊசி குத்தின மாதிரிதான் தெரியும், உள்ளே சதை அழுகி விரலையே எடுக்க வேண்டியதாகிவிடும். தோப்பில் கூட இருக்கிற பையன்களிடமும் இதைச் சொல்லிவை.

2020 ஏப்ரலிலிருந்து பங்கில் வருகிற டீசலில் கந்தகம் வெறும் 10 பிபிஎம். அதனால் பழைய பம்ப் தேய்ந்துவிடும், பழைய ஸ்கூட்டருக்கு ஊற்றுகிற டூ டி ஆயிலைக் கலந்து ஊற்று என்று உனக்கு ஆளாளுக்கு யோசனை சொல்வார்கள். வேண்டாம். கந்தகத்தை எடுக்கும்போது போகிற வழவழப்புக்கு ஈடாக ரிஃபைனரியிலேயே மருந்து சேர்த்துத்தான் அனுப்புகிறார்கள். பழைய ரப்பர் சீல்கள் சுருங்கிக் கசியலாம், கசிந்தால் சீல் செட்டை மாற்று. மற்றபடி வண்டி நன்றாக ஓடுகிறபோது பம்பை யாரும் தொடக்கூடாது. இழுவை போதவில்லை, கொஞ்சம் திருகிவிடட்டுமா அக்கா என்று கேட்பார்கள். திருகினால் இழுவையோடு கறுப்புப் புகையும் சேர்ந்து வரும், இன்ஜினும் சூடேறும். பம்பைப் பிரிக்கிற அவசியம் வந்தால் பம்பை ஓட்டி அளந்து பார்க்கிற டெஸ்ட் பெஞ்ச் இருக்கிற இடத்தில்தான் பிரிக்க வேண்டும், ரோட்டோரத்தில் வைத்து இல்லை.

இப்போது சொல்வதைத்தான் நீ முக்கியமாக வைத்துக்கொள்ள வேண்டும். செலவு செய்யப் பணம் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் முதலில் பிரேக், அப்புறம் ஸ்டீயரிங், அப்புறம் டயர். பெயின்ட் எல்லாவற்றுக்கும் கடைசி. பாடியில் அங்கங்கே துரு இருக்கிறது, டிங்கரிங் பண்ணிப் பளபளவென்று ஆக்கிவிட ஆசை வரும், எனக்கும் வந்திருக்கிறது. ஆனால் ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கிற டை ராட் எண்டில் ஆட்டம் இருக்கிற வண்டிக்குப் புதுப் பெயின்ட் அடித்து என்ன பிரயோசனம், சொல்லு. முன் சக்கரம் திரும்புகிற கிங்பின்னுக்கும், ஸ்பிரிங் பட்டையைப் பிடித்திருக்கிற பின்னுக்கும் கிரீஸ் அடிப்பதை மறக்காதே, மழைத் தண்ணீரில் ஓட்டினால் அந்த வாரமே அடி.

வால்பாறைக்கு லோடு வருகிறது என்று மாப்பிள்ளை சொன்னார். ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவு. ஏறுவதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை, இந்த இன்ஜின் மெதுவாக ஆனாலும் ஏறிவிடும். இறக்கம்தான். எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு. டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விடுகிற டிரைவர்கள் இருக்கிறார்கள், இன்ஜினையே ஆஃப் பண்ணிவிட்டு இறங்குகிறவர்களும் இருக்கிறார்கள், நீ ஒருநாளும் அதைச் செய்யாதே. உன் காலுக்கு பிரேக் லேசாக இருப்பதே வேக்குவத்தினால்தான். பெட்ரோல் வண்டி மாதிரி டீசல் இன்ஜினில் அது தானாகக் கிடைக்காது, இன்ஜினோடு சுற்றுகிற ஒரு சின்ன பம்ப்தான் அதைக் கொடுக்கிறது. இன்ஜின் நின்றால் ஒன்றிரண்டு முறை மிதிக்கிற வரைக்கும்தான் அது மிச்சமிருக்கும், அதற்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினாலும் ஆபத்துதான், டிரம் சூடாகி லைனர் பிடிக்காமல் போகும். கருகிய வாடை வந்தால் அகலமான இடம் பார்த்து ஓரம் கட்டி நிறுத்து, டிரம்மில் தண்ணீர் ஊற்றாதே, தானாக ஆறட்டும். பின்னால் ஹாரன் அடிக்கிறவன் அடித்துக்கொண்டு போகட்டும்.

லோடு விஷயத்தில் வியாபாரிகள் இன்னும் கொஞ்சம் ஏத்தும்மா என்பார்கள். ஆர்.சி.யில் என்ன எடை போட்டிருக்கிறதோ அதற்கு மேல் ஏற்றாதே. எக்ஸ்ட்ரா பட்டை போட்டுக்கொண்டால் தாங்கும் என்பது பாதி உண்மைதான். பட்டை தாங்கும், வண்டியின் அடிச்சட்டமான சேசிஸும் பிரேக்கும் தாங்காது.

புகையைக் கவனித்துக்கொண்டே இரு. கறுப்பாக வந்தால் முதலில் ஏர் ஃபில்டரைப் பார், தோப்பு மண் அடைத்திருக்கும், அதுவும் சரியாக இருந்தால் நாசில். நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. காலைக் குளிரில் கொஞ்சம் வெள்ளையாக வருவது சகஜம், சூடான பிறகும் வெள்ளை நிற்காமல் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்கச் சொல். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு மையம் 2012-லேயே சொல்லிவிட்டது. இதில் புதுவண்டி மாதிரி புகையை வடிகட்டுகிற எதுவும் இல்லை. ஆகவே ஷெட்டுக்குள் ஓடவிட்டு நிற்காதே, குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விட இதை எடுக்காதே, அதற்கு ஸ்கூட்டி இருக்கிறது. வேலை இருக்கிற அன்றைக்கு ஓட்டு, சும்மா டவுனுக்குப் போய்வர வேண்டாம். அதற்காக மாசக் கணக்கில் நிறுத்தியும் வைத்துவிடாதே, பேட்டரி இறங்கும், பிரேக் சிலிண்டர் பிடித்துக்கொள்ளும், வயரை எலி கடிக்கும்.

பேப்பர் வேலை கொஞ்சம் இருக்கிறது. படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன், பெயர் மாற்றியதும் இன்சூரன்ஸையும் உன் பெயருக்கு மாற்று, அதைத் தள்ளிப்போடாதே. மஞ்சள் போர்டு வண்டி என்பதால் எட்டு வருசத்துக்கு மேல் ஆன பிறகு வருசா வருசம் எஃப்.சி., அதாவது தகுதிச் சான்றுக்கு வண்டியைக் காட்ட வேண்டும், பசுமை வரியும் உண்டு. கார் ஓட்டுகிற உன் லைசென்ஸே போதும், 7,500 கிலோ வரைக்குமான சரக்கு வண்டிக்குத் தனி பேட்ஜ் வேண்டாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. யாராவது வழியில் மிரட்டினால் தைரியமாகப் பேசு.

டெல்லிப் பக்கம் பத்து வருச டீசல் வண்டிக்கு வந்த தடை நம் ஊரில் இல்லை. ஆனாலும் இதை எப்போது விடுவது என்பதையும் இப்போதே பேசிவிடலாம். இன்ஜின் போனால் திரும்பக் கட்டிவிடலாம், லைனர், பிஸ்டன் எல்லாம் இன்னும் கடையில் கிடைக்கிறது. கியர் பாக்ஸும் அப்படித்தான். ஆனால் பட்டை மாட்டியிருக்கிற இடத்தில் சேசிஸ் விரிசல் விட்டால், வெல்டிங் வைத்து ஓட்டலாம் என்று எவர் சொன்னாலும் கேட்காதே, அன்றோடு நிறுத்திவிடு. அரசு பதிவு பெற்ற உடைப்பு மையத்தில் கொடுத்து சான்றிதழ் வாங்கு, புது வண்டி எடுக்கும்போது சலுகைக்கு ஆகும், ஆர்.சி.யையும் ரத்து செய்துவிடு. எனக்காக என்று வைத்துக்கொண்டிருக்க வேண்டாம். எனக்கு வண்டி முக்கியம்தான், ஆனால் அதை ஓட்டுவது நீ.

எஃப்.சி.க்கு முந்தின வாரம் நான் அங்கே வந்துவிடுகிறேன். பின் பக்க பிரேக் லைனர் தேய்ந்திருக்கும், தேனியில் வாங்கிக்கொண்டே வருகிறேன். அதற்குள் முன் சக்கரம் இரண்டையும் ஜாக்கி போட்டுத் தூக்கி, கையால் மேலும் கீழும் ஆட்டிப் பார்த்து எவ்வளவு ஆட்டம் இருக்கிறது என்று எனக்குச் சொல், கிங்பின் செட்டும் சேர்த்து வாங்குவதா என்று முடிவு பண்ண வேண்டும்.

அன்புடன்,
அப்பா