வலிப்பு நோயோடு தாயான எனக்குத் துணை நின்றவர்களுக்கு நன்றி மடல்

தமிழ்நாடு–கேரள எல்லையான களியக்காவிளைக்கு இப்புறமும் அப்புறமும் வாழும் என் அன்பிற்குரியவர்களுக்கு வணக்கம்.

என் மகளுக்கு ஒரு வயது நிறைந்து, அவளுடைய வளர்ச்சிப் பரிசோதனையும் திருவனந்தபுரத்தில் நல்லபடியாக முடிந்துவிட்டதால், இதுவரை தனித்தனியே சொல்லிவந்த நன்றியை எல்லோரும் அறியச் சொல்லிவிட வேண்டும் என்று இம்மடலை எழுதுகிறேன். பெயர்களைக் குறிப்பிடவில்லை, உரியவர்கள் தங்களை அடையாளம் கண்டுகொள்வார்கள். வலிப்பு உள்ள வீடுகளில் அதை மூடி மறைத்தே பழகிவிட்டோம். ஆகவே இதை வாசிக்கும் ஏதேனும் ஒரு பெண்ணுக்கு உதவட்டும் என்று, மருத்துவர்கள் எனக்கு விளக்கிய செய்திகளையும் ஒளிக்காமல் சேர்த்திருக்கிறேன்.

முதல் நன்றி, ஸ்ரீசித்ரா என்று நாம் அனைவரும் சொல்லும் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தின் வலிப்பு நோய்ப் பிரிவினருக்கு. பள்ளிப் பருவத்தில் தொடங்கிய நோய் எனக்கு. காலையில் எழுந்ததும் கைகள் வெட்டி வெட்டி இழுக்கும், பிடித்திருக்கும் கட்டன்சாயா (பால் சேர்க்காத தேநீர்) சுவரில் தெறிக்கும், உறக்கம் கெட்ட இரவுக்கு மறுநாள் நினைவு தப்பி முழு வலிப்பே வந்துவிடும். வால்புரோயேட் மாத்திரையால் அது அடங்கியிருந்தது. திருமணம் நிச்சயமானவுடன், வேறொரு மருத்துவர், குழந்தை வேண்டுமென்றால் மாத்திரையை அன்றைக்கே நிறுத்திவிட வேண்டும் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லி அனுப்பிவிட்டார். அவ்வாறு திடீரென நிறுத்தினால் வலிப்பு அடுக்கடுக்காக வந்து தாய்க்கும் கருவுக்கும் உயிராபத்தாக முடியலாம் என்பதை ஸ்ரீசித்ராவில்தான் பொறுமையாக விளக்கினார்கள்.

அங்கே அவர்கள் ஒரு தாளை எடுத்து எழுதிக் காட்டிய கணக்கு இப்போதும் என் கோப்பில் இருக்கிறது. எந்த நோயும் இல்லாத தாய்மாருக்குப் பிறக்கும் குழந்தைகளிலும் 100-க்கு 2 அல்லது 3 பேருக்கு ஏதேனும் பிறவிக் குறைபாடு இருக்கக்கூடும். கர்ப்பகாலத்தில் வால்புரோயேட் உண்ட தாய்மாரின் குழந்தைகளில் அது ஏறத்தாழ 10 ஆக உயர்கிறது, மருந்தின் அளவு கூடக் கூட ஆபத்தும் கூடுகிறது. அது மட்டுமன்றி, அக்குழந்தைகளில் 100-க்கு 30 முதல் 40 பேர் வரை பேச்சு, கற்றல் முதலியவற்றில் பின்தங்கும் வாய்ப்பும் உள்ளது. வலிப்புக்கான வேறு மருந்துகளான லெவெடிரசெட்டம், லாமோட்ரிஜின் ஆகியவற்றில் பிறவிக் குறைபாட்டின் அளவு ஏனைய தாய்மாரின் அளவை ஒட்டியே நிற்கிறது. என் வகை வலிப்பில் லாமோட்ரிஜின் சிலருக்குக் காலைநேர வெட்டிழுப்பை அதிகமாக்கிவிடும் என்பதால் லெவெடிரசெட்டத்தைத் தேர்ந்து, பழைய மருந்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து, வலிப்பின்றி நெடுநாள் கழிந்ததை உறுதிசெய்துகொண்ட பிறகே குழந்தைக்கு முயலச் சொன்னார்கள். பின்னர் மூளையும் தண்டுவடமுமாக வளரும் கருவின் நரம்புக்குழாய் முதல் நான்கு வாரங்களுக்குள், அதாவது நாள் தள்ளிப்போனதைப் பலர் கவனிக்கும் முன்பே, மூடிவிடுவதால், அது சரியாக மூட உதவும் 5 மில்லிகிராம் ஃபோலிக் அமில மாத்திரையையும் கருவுறுவதற்கு முன்பே தொடங்கிவைத்தார்கள். கருவுற்ற பின் ஓடிப்போய்க் கேட்டிருந்தால் இவற்றில் பாதி காலம் கடந்தவையாகியிருக்கும்.

அந்நிறுவனத்தில் 1998 முதல் வலிப்புள்ள கர்ப்பிணிகளுக்கென்றே ஒரு பதிவேடு நடக்கிறது. டாக்டர் சஞ்சீவ் வி. தாமஸ் அவர்களின் தலைமையில் வளர்ந்த அப்பதிவேட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் கர்ப்பகால விவரங்கள் சேர்ந்திருக்கின்றன. கருவுறுவதற்கு முன்னரே பெயரைப் பதிந்து, மாதங்கள் ஏற ஏறத் தாயைக் கவனித்து, பிறந்த பின் குழந்தையின் இதயத்தை எக்கோ (ஒலியலைப் படம்) எடுத்து, ஒரு வயதில் வளர்ச்சியை அளந்து, பள்ளி வயதிலும் அறிவுத்திறனைச் சோதிக்கிறார்கள். எனக்குச் சொல்லப்பட்ட அறிவுரைக்குப் பின்னால், எனக்கு முன்பு அந்த வாங்கில் (பெஞ்சில்) அமர்ந்திருந்த முகமறியா அக்காமார்களின் விவரங்களும் இருக்கின்றன. அவர்களுக்கும் என் நன்றி.

அடுத்து எங்கள் ஊர்க் கிராம சுகாதாரச் செவிலியர் அக்காவுக்கு. கர்ப்பிணிக்கு வலிப்பு வந்தால் அது இரத்த அழுத்தம் ஏறுவதால் வரும் பேறுகால வலிப்பாகவும் இருக்கலாம், அதற்கான சிகிச்சையே வேறு, பழைய நோய்தானே என்று எவரும் அசட்டையாக இருந்துவிடக் கூடாது என்று அவர் என் கர்ப்பகாலப் பரிசோதனை அட்டையின் மேல் சிவப்பு மையால் எழுதிவைத்தார். ஒவ்வொரு முறையும் அழுத்தமும் சிறுநீரும் பார்க்காமல் விட்டதில்லை. கர்ப்பத்தில் உடல் மருந்தை விரைவாக வெளியேற்றிவிடுவதால் இரத்தத்தில் அதன் அளவு குறையும். இடைமாதங்களில் காலை வெட்டிழுப்பு இலேசாகத் தலைகாட்டியபோது அதை முதலில் கவனித்துத் திருவனந்தபுரத்துக்குத் தொலைபேசியில் சொன்னவர் அவரே. அளவைக் கூட்டினார்கள், நின்றுவிட்டது. பேறு முடிந்த பின் அதே அளவு மிகையாகிவிடும் என்பதால் சில வாரங்களில் படிப்படியாகக் குறைக்க வேண்டியிருந்தது. அதையும் நாள்காட்டியில் குறித்துத் தந்தார்.

மருந்துக்கடை அண்ணாச்சியை மறந்தால் நான் மனிதப் பிறவியே அல்ல. ஒரே கம்பெனி மாத்திரையையே தொடர்ந்து தர வேண்டும் என்று மருத்துவர் எழுதியதை மதித்து, கேரளத்தில் ஹர்த்தால் வந்து பேருந்துகள் நின்ற நாள்களிலும் எனக்கென இரண்டு மாத்திரை அட்டைகளைத் தனியே எடுத்துவைத்திருந்தார். பெரிய கடைகளில் இந்த அக்கறையை நான் கண்டதில்லை.

வலிப்பு மட்டுமே அறுவைக்குக் காரணமாகாது என்று ஸ்ரீசித்ராவில் கொடுத்த கடிதத்தை வாசித்து, சுகப்பிரசவத்துக்கே முயன்ற ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பேறுகாலப் பிரிவுக்கு என் வணக்கம். வலியின் நடுவிலும் மாத்திரை நேரம் தப்பாமல் பார்த்துக்கொண்ட இரவுப்பணிச் செவிலியர், பெற்றவள் உறங்க வேண்டும் என்று சொல்லி வந்தவர்களைக் கூட்டமாக உள்ளே விடாமல் வாசலிலேயே நிறுத்தினார். எங்கள் உறவினர் சிலருக்கு அது இன்னும் மனத்தாங்கல்தான்; எனக்கு இல்லை.

வீட்டாருக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. பெண் பார்க்க வந்த அன்றே என் தாயார் உண்மையைச் சொன்னபோது, இந்துத் திருமணச் சட்டத்தில் வலிப்பை ஒரு தடையாகக் கூறியிருந்த சொற்களை 1999-ல் நீக்கிவிட்டார்கள், சட்டத்துக்கே இல்லாத ஆட்சேபம் நமக்கு எதற்கு என்று, நீதிமன்ற எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற என் மாமனார் பேச்சை முடித்துவைத்தார். மாமியோ செயலில் காட்டுபவர். தாய்ப்பால் தரலாம், தர வேண்டும் என்று மருத்துவர்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, இரவில் ஒரு வேளைக்குப் பீய்ச்சி வைத்த பாலை அவரே புகட்டி, நான் இடையறாது நான்கைந்து மணி நேரம் உறங்குவதற்கு வழி செய்தார். உறக்கம் கெடுவதுதான் என் வலிப்புக்கு முதல் காரணம். பேறு முடிந்தவர்கள் குளிக்கும் வேதுக்குளியலுக்கு நான் போகும்போது கதவைத் தாழிட விட்டதில்லை. குழந்தையைக் கட்டிலில் வைத்துத் துணி மாற்ற விடாமல் தரையில் பாய் விரித்துத் தந்தார். காலை நீட்டி அமர்ந்து குழந்தையைக் குளிப்பாட்டுவது அவர், அருகில் அமர்ந்து தண்ணீர் எடுத்துக் கொடுப்பது நான்.

பேறுக்குப் பின் ஒரே ஒரு விடியலில் வலிப்பு வந்தது. கையில் இரும்புச் சாவியைத் திணிக்க ஓடிவந்தவர்களை விலக்கி, என்னை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் வைக்காமல், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற பக்கத்து வீட்டு மைனிக்கு (அண்ணிக்கு) நான் கடமைப்பட்டவள். 5 நிமிடத்தைத் தாண்டினால் 108-ஐ அழைக்க அவர் கையில் தொலைபேசி ஆயத்தமாக இருந்ததாம், தேவைப்படவில்லை.

அடுத்த குழந்தைக்கு இடைவெளி விடுவது பற்றியும் வெளிப்படையாகப் பேசிய ஸ்ரீசித்ரா ஆலோசகர் சேச்சிக்கு நன்றி. கார்பமசெபின், ஃபெனிடாயின் போன்ற மருந்துகளை உண்பவர்களுக்குக் கருத்தடை மாத்திரையின் வலு குறைந்துவிடும், லாமோட்ரிஜின் உண்பவர்களுக்கு அம்மாத்திரையே வலிப்பு மருந்தைக் குறைத்துவிடும் என்று அவர் சொன்னபோது, அருகிலிருந்த செங்கோட்டைப் பெண் திடுக்கிட்டு, அதுவரை அதை எவரும் தமக்குச் சொன்னதில்லை என்றார். கருப்பைக்குள் பொருத்தும் காப்பர்-டி-க்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. நான் அதையே தேர்ந்துகொண்டேன்.

எங்கள் வட்டத்தில் வலிப்புக்கு மாத்திரை உண்டுகொண்டு குழந்தைக்கு எண்ணியிருக்கும் பெண்கள், போக வழி தெரியாமலோ துணைக்கு ஆளில்லாமலோ தயங்கினால், செவிலியர் அக்காவிடம் சொல்லிவிடுங்கள். அவருக்கு என் வீடு தெரியும். களியக்காவிளையில் பேருந்து ஏறி, திருவனந்தபுரம் தம்பானூரில் இறங்கி, ஸ்ரீசித்ராவுக்குப் போக மெடிக்கல் காலேஜ் வண்டி மாறி, சீட்டு எடுத்துத் தருவது வரைக்கும் நான் கூடவே வருகிறேன். பழைய மருந்துச் சீட்டுகள் எல்லாவற்றையும் எடுத்து வர வேண்டும். மாத்திரையை மட்டும் அதுவரை நிறுத்தாதீர்கள்.

நன்றியுடன்,
விளவங்கோடு வட்டத்திலிருந்து ஒரு தாய்